வெயில், மழைக்கு நிற்கும் மாவுப் பெயின்ட்

கேள்வி: மரவேலிக்குப் பாலும் சுண்ணாம்பும் கலந்து பூசினேன். நாலு மழையில் கரைந்துவிட்டது. வெளியே நிற்கிற மரத்துக்கு இயற்கைப் பெயின்ட்டை வீட்டிலேயே காய்ச்ச முடியுமா?

பதில்: முடியும். அதற்குப் பால் அல்ல, மாவும் எண்ணெயும் வேண்டும். ஸ்வீடனில் மரவீடுகளுக்குக் காலங்காலமாக அடிக்கிற சிவப்பு இந்த வகைதான்.

முதலில் வேலியைத் தடவிப் பாருங்கள். ரம்பத்தில் அறுத்த சொரசொரப்பு கையில் நெருடினால் பெயின்ட் பிடிக்கும். வழவழவென்று இழைத்த மரத்தில் சரியாக ஒட்டாது. பழைய வார்னிஷ் இருந்தால் அடியோடு சுரண்டியாக வேண்டும்.

2 லிட்டர் தண்ணீருக்குக் கோதுமை மாவு 160 கிராம், காவிப்பொடி 600 கிராம், அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) 60 கிராம், ஆளிவிதை எண்ணெய் 250 மி.லி., திரவ சோப்பு 25 மி.லி. போதும். அன்னபேதி அலுமினியத்தை அரிக்கும். சமையலுக்குத் திரும்பப் போகாத பழைய எவர்சில்வர் பாத்திரத்தை எடுங்கள்.

மாவை அரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதித் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஊற்றிக் கிளறுங்கள். கால் மணி நேரத்தில் கூழாகும். காவியும் அன்னபேதியும் போட்டு இன்னொரு கால் மணி. பிறகு எண்ணெயை நூல்போல விட்டு, கை ஓயாமல் மேலும் கால் மணி. கடைசியில் சோப்பு: எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்துவைப்பது அதுதான். ஆறியபின் மேலே எண்ணெய் மிதந்தால் கிளறியது போதவில்லை. சூடாக்கி, இன்னும் கொஞ்சம் சோப்பு விட்டு அடியுங்கள்.

அன்னபேதி பூஞ்சையை அடக்கும். ஆனால் ஓக்கைப் போல டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்த மரத்தைக் கறுப்பாக்கிவிடும். வெள்ளை, வெளிர்நீலத்தையும் அழுக்காக்கும். காவிக்குப் பதில் மஞ்சள்தூள், பீட்ரூட் சாறு என்று இறங்காதீர்கள், வெயிலில் வெளுத்துப்போகும். மண், கல் நிறமிகள்தான் நிற்கும்.

முதல் பூச்சுக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து, நேர்வெயில் படாத வேளையில் அடியுங்கள். மறுநாள் இரண்டாவது பூச்சைத் தண்ணீர் சேர்க்காமல் அடிக்கலாம். ஒரு பூச்சுக்கு லிட்டருக்கு 3 முதல் 4 சதுர மீட்டர் வரும். மிஞ்சியதைச் சேர்த்துவைக்காதீர்கள், மாவு புளித்து நாறும்.

காய்ந்த பிறகும் உரசினால் துணியில் லேசாக ஒட்டும். பெஞ்சுக்கும் கைப்பிடிக்கும் இது வேண்டாம். ஆனால் மரத்தை மூடி அடைக்காததால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேறும், செதில்செதிலாக உரியாது. நாளடைவில் பொடியாகத் தேயும்போது தேய்த்துத் தட்டிவிட்டு மேலேயே அடிக்கலாம்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமுக்கிவையுங்கள்.