பச்சிளங்குழந்தைக்கு அறுவை சிகிச்சை: எதற்கு அவசரம், எதற்குப் பொறுமை?

(குழந்தைகள் அறுவை சிகிச்சை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மருத்துவர் அளிக்கும் பதில்கள்)

கேள்வி: ஐந்தாம் மாத ஸ்கேனில், என் குழந்தையின் உதரவிதானத்தில் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரை) இடப்பக்கம் ஓட்டை இருப்பதாகவும், குடல் நெஞ்சுக்குள் ஏறியிருப்பதாகவும் சொன்னார்கள். பிறந்தவுடன் அறுவை செய்துவிடுவீர்களா என்று கேட்டால், சில நாள் பொறுத்துத்தான் செய்வோம் என்கிறார்கள். இந்த நிலையில் எப்படிப் பொறுப்பது?

பதில்: உங்கள் பதற்றம் நியாயமானது. ஒரு காலத்தில் எங்கள் துறையும் அப்படித்தான் பதறியது. 1980கள் வரை, இக்குறையோடு பிறந்த குழந்தையை நள்ளிரவானாலும் அறுவை அரங்குக்குக் கொண்டுபோவதே வழக்கம். ஓட்டையை அடைத்தால் நுரையீரல் விரிந்துவிடும் என்பது அன்றைய கணக்கு. அந்தக் கணக்கு தவறு. உயிருக்கு ஆபத்தாக இருப்பது ஓட்டை அன்று. குடலும் சில வேளைகளில் கல்லீரலும் கருவிலேயே நெஞ்சை அடைத்துக்கொண்டதால் வளர இடமின்றிப் போன நுரையீரலும், அதனுள் இறுகிப்போன இரத்தக்குழாய்களுமே. ஓட்டையைத் தைப்பதால் இவை அன்றைக்கே சீராகிவிடுவதில்லை.

ஆகவே முதலில் நுரையீரலுக்குத்தான் சிகிச்சை. முகமூடி வைத்துக் காற்றை அழுத்தினால் குடல் ஊதி நுரையீரலை மேலும் நெருக்கும் என்பதால், பிறந்ததும் நேரே மூச்சுக்குழாயில் டியூப் செலுத்தி வெண்டிலேட்டரில் இணைப்பார்கள்; இரைப்பைக்குள் இன்னொரு டியூப் விட்டு, சேரும் காற்றை உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருப்பார்கள். எக்கோ எனப்படும் இதய ஸ்கேனில் நுரையீரல் இரத்தக்குழாய்களின் அழுத்தம் தணிவது தெரிந்து, ஆக்சிஜன் தேவையும் குறைந்த பிறகுதான் குடலைக் கீழிறக்கி ஓட்டையை மூடுவார்கள். ஓட்டை பெரிதாக இருந்தால் தையல் மட்டும் போதாது. செயற்கை ஒட்டு ஒன்றை வைத்துத் தைக்க நேரும்.

கருவிலேயே செய்யும் சிகிச்சையைப் பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். குழந்தையின் மூச்சுக்குழாயில் சிறு பலூனை வைத்து, நுரையீரலில் ஊறும் திரவத்தை வெளியேறவிடாமல் தடுத்து, அதன் மூலம் நுரையீரலை வளரச் செய்யும் முறை அது. 2021இல் வெளியான ஆய்வில், மிகக் கடுமையான பாதிப்புள்ள குழந்தைகளுள் பலூன் வைக்கப்பட்டவர்களில் 40 சதவீதத்தினரும் வைக்கப்படாதவர்களில் 15 சதவீதத்தினரும் பிழைத்து வீடு திரும்பினர். நடுத்தரப் பாதிப்பில் அத்தகைய தெளிவான பலன் தெரியவில்லை. குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்போ கூடியது. எனவே, இது எல்லோருக்கும் உரியதன்று. நுரையீரலின் அளவு தலையின் அளவோடு ஒப்பிட எவ்வளவு இருக்கிறது, கல்லீரல் மேலே ஏறியிருக்கிறதா, இதயத்தில் வேறு குறை உண்டா என்ற மூன்றையும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும் குழந்தை அறுவை மருத்துவரும் ஒரே வளாகத்தில் உள்ள மருத்துவமனையில் பிரசவத்தைத் திட்டமிடுங்கள். பிறந்த பின் ஆம்புலன்ஸில் வருவதைவிட, தாயின் வயிற்றிலேயே வந்து சேர்வது குழந்தைக்குப் பல மடங்கு பாதுகாப்பானது.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வாரம் முடிந்துவிட்டது. இன்னும் கண்ணில் மஞ்சள் போகவில்லை. நன்றாகப் பால் குடிக்கிறாள், எடையும் கூடுகிறது. வெயிலில் காட்டினால் போதும், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இது சகஜம் என்கிறார்கள். மலம் மட்டும் வெளுத்துப் போகிறது. கவலைப்பட வேண்டுமா?

பதில்: வேண்டும். அச்சேறி வரும்வரை காத்திருக்கக்கூடிய கேள்வி அன்று என்பதால், உங்களுக்குத் தனியே பதில் அனுப்பிவிட்டோம். மற்ற பெற்றோரும் அறிய வேண்டும் என்பதற்காகவே இங்கும் எழுதுகிறேன்.

கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் குடலுக்கு வந்து சேர்ந்தால்தான் மலத்துக்கு மஞ்சளோ பச்சையோ பழுப்போ ஏறும். வெளுத்த மலம் வருகிறதென்றால் பித்தம் வரும் வழி அடைபட்டிருக்கலாம். பித்தநாளங்கள் அழற்சியால் தூர்ந்துபோகும் பித்தநாள அடைப்பு நோயில், குழந்தை தொடக்கத்தில் கொழுகொழுவென்று ஆரோக்கியமாகவே தோன்றும். எடை கூடுவதைக் கண்டு வீட்டாரும், சில வேளைகளில் மருத்துவரும்கூட ஏமாந்துபோவது இதனால்தான். சிறுநீரையும் கவனியுங்கள்: பச்சிளங்குழந்தையின் சிறுநீர் ஏறக்குறைய நிறமற்று இருக்க வேண்டும், துணியில் மஞ்சள் கறை படிந்தால் அதுவும் ஓர் எச்சரிக்கை.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எந்த மஞ்சளுக்கும், இரத்தத்தில் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமியின் மொத்த அளவோடு, அதில் கல்லீரல் பதப்படுத்திய பகுதியான நேரடி பிலிரூபினையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தாய்ப்பாலால் வரும் மஞ்சளில் நேரடி பிலிரூபின் உயராது; உயர்ந்திருந்தால் வெயிலும் உதவாது, நீல விளக்கும் உதவாது. ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ காசாய் 1950களில் உருவாக்கிய முறைதான் இன்றும் முதல் சிகிச்சை. தூர்ந்த நாளங்களை அகற்றிவிட்டு, சிறுகுடலின் ஒரு வளைவை மேலே கொண்டுவந்து, கல்லீரலிலிருந்து பித்தநாளங்கள் வெளிவரும் இடத்தோடு நேரடியாக இணைப்பார்கள். பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால் பித்தம் வடியத் தொடங்கும் வாய்ப்பு அதிகம்; நாள் கடக்கக் கடக்கக் கல்லீரல் தழும்பேறி இறுகிவிடுகிறது. இந்த அறுவை பலித்தாலும் பலருக்குப் பின்னாளில் கல்லீரல் மாற்று தேவைப்படுகிறது என்பதை மறைக்கக் கூடாது. ஆனாலும் சொந்தக் கல்லீரலோடு கழியும் ஒவ்வோர் ஆண்டும் குழந்தைக்கு ஆதாயமே. தைவானில் 2004 முதல் மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டையைப் பெற்றோர் கையில் கொடுத்து, நோயைச் சீக்கிரமே கண்டுபிடிக்கிறார்கள். இவ்வளவு மலிவான பரிசோதனை மருத்துவத்தில் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: பிறந்து பத்து நாளான குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் மறுநாள்வரை பார்க்கலாமா?

பதில்: கூடாது. குடல் தன் இடத்தில் சரியாகப் பொருந்தாமல் பிறந்த குழந்தைக்கு அது முறுக்கிக்கொண்டால், சில மணி நேரத்தில் இரத்த ஓட்டம் நின்று சிறுகுடலின் பெரும்பகுதி அழுகிவிடும். அப்போது வயிறு வீங்காமலும் இருக்கலாம், குழந்தை இடையிடையே நன்றாக விளையாடவும் கூடும். பால் தயிராக வெளிவருவது வேறு; பச்சை வேறு. உடனே கிளம்புங்கள்.

கேள்வி: என் மகன் உணவுக்குழாய் இணையாமல் பிறந்தவன். இரண்டாம் நாளே அறுவை செய்தார்கள். இப்போது மூன்று வயதாகிறது. இருமினால் நாய் குரைப்பதுபோல் ஒலிக்கிறது. ரொட்டி தொண்டையில் நிற்கிறது. அறுவை தோற்றுவிட்டதா?

பதில்: தோற்கவில்லை. பிறந்தவுடன் வாயில் நுரை தள்ளியதையும், மூக்கு வழியே விட்ட டியூப் இறங்காமல் எக்ஸ்ரேயில் மேலேயே சுருண்டு நின்றதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட குழந்தையின் உணவுக்குழாயின் இரு முனைகளையும் ஒரே அறுவையில் இணைத்து, 1941இல் முதன்முதலாக வெற்றி கண்டவர் அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த கேமரன் ஹெய்ட். அதற்கு முன் இக்குறையோடு பிறந்தவர்கள் அநேகமாகப் பிழைக்கவில்லை.

ஆயினும் இணைத்த குழாய், இயல்பான குழாய் ஆகிவிடாது. உணவை அலையலையாகத் தள்ளும் அசைவு அதில் குறைவு. தைத்த இடம் சுருங்கவும் கூடும். இரைப்பை அமிலம் மேலேறுவதும் சாதாரணம். குரைக்கும் இருமலுக்குக் காரணம், அருகிலிருக்கும் மூச்சுக்குழாயின் சுவர் மென்மையாக இருந்து இருமும்போது மடங்குவது. வளர வளர இது பெரும்பாலும் குறையும். உணவு நிற்பதுதான் இப்போது பார்க்க வேண்டியது: பேரியம் எக்ஸ்ரேயோ எண்டோஸ்கோபியோ செய்து, சுருக்கம் இருந்தால் பலூனால் விரிவாக்குவார்கள்; இது ஒரு முறையோடு முடியாமலும் போகலாம். வீட்டில் சிறு துண்டுகளாகக் கொடுத்து, மென்று தின்னப் பழக்கி, இடையிடையே தண்ணீர் கொடுங்கள். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிட்டால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

கேள்வி: இத்தனை சிறு வயதில் மயக்க மருந்து கொடுத்தால் மூளை பாதிக்காதா?

பதில்: குடலிறக்க அறுவைக்காக ஒரு மணி நேரத்துக்குள் மயக்க மருந்து பெற்ற கைக்குழந்தைகளையும், முதுகில் மட்டும் மரப்பு ஊசி போடப்பட்டவர்களையும் ஐந்து வயதுவரை பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது, இரு சாராரின் அறிவுத்திறனிலும் வேறுபாடு இல்லை. மூன்று வயதுக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல், அல்லது திரும்பத் திரும்பக் கொடுக்க நேர்ந்தால் யோசிக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் எச்சரித்தது. எனவே, தள்ளிப்போடக்கூடியதைத் தள்ளிப்போடலாம். மேலே சொன்ன நோய்களில் அந்த வசதி இல்லை. அறுவைக்கு முன் எத்தனை மணிக்குப் பாலை நிறுத்த வேண்டும் என்று மட்டும் மயக்கவியல் மருத்துவரிடம் மறவாமல் கேளுங்கள். பொதுவாகத் தாய்ப்பாலுக்கு 4 மணி நேரமும் புட்டிப் பாலுக்கு 6 மணி நேரமும் இடைவெளி வேண்டும்.