வீட்டிலேயே வேலை பார்த்த பிறகு இன்ஜின் லைட் எரிகிறதா?

கேள்வி: என் 150 சிசி பிஎஸ்6 பைக்கில் ஏர் ஃபில்டரை மாற்றினேன். அப்படியே இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியையும் கழற்றித் துடைத்து மாட்டினேன். அதிலிருந்து மஞ்சள் இன்ஜின் லைட் அணைய மாட்டேன் என்கிறது. வண்டி ஓடுகிறது. ஆனால் சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் ஏறி ஏறி இறங்குகிறது. ‘சென்சார் போயிருக்கும், மாற்றிவிடலாம்’ என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நேற்றுவரை ஒழுங்காக இருந்த சென்சார், நீங்கள் ஸ்பானர் எடுத்த அன்றே தானாகச் செத்துப்போவது அபூர்வம். உங்கள் கை பட்ட இடங்களை முதலில் பாருங்கள்.

சாவியை ஆன் செய்ததும் லைட் எரிவது இயல்புதான். இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகும் எரிந்தால்தான் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஏதோ கோளாறைப் பதிந்திருக்கிறது என்று பொருள்.

சாவியை ஆஃப் செய்துவிட்டு, ஏர் பாக்ஸிலும் த்ராட்டில் பாடியிலும் உள்ள ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றி மாட்டுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பூட்டை அழுத்தி, பிளாஸ்டிக் உடலைப் பிடித்து எடுங்கள். மாட்டும்போது ‘டிக்’ சத்தம் கேட்க வேண்டும். உள்ளே எட்டிப் பாருங்கள்: எல்லாப் பின்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு பின் மட்டும் ஒரு மில்லிமீட்டர் பின்னுக்குப் போயிருந்தாலும் போதும், கனெக்டர் மாட்டியது போலவே தெரியும், தொடர்பு மட்டும் இருக்காது. சென்சார்மீது பழி விழுவது பெரும்பாலும் இதனால்தான்.

ஆர்பிஎம் ஆடுவது தனிக் கதை. ஏர் பாக்ஸுக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவில் உள்ள ரப்பர் விலகினால் தூசி உள்ளே போகும், அதுவும் கெடுதல்தான். ஆனால் ஐடிலிங் (ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) பெரிதாக ஆடாது. த்ராட்டில் பாடிக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் காற்று கசிந்தால்தான் ஆடும். அங்கே உள்ள மேனிஃபோல்டின் (இணைப்புக் குழாய்) கிளாம்பைத் தளர்த்தி, ரப்பர் சுற்றிலும் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து மறுபடி இறுக்குங்கள். ஓ-ரிங் இருந்தால் மடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். த்ராட்டில் பாடியில் பெயின்ட் அடையாளம் வைத்த ஸ்க்ரூவைத் திருப்பியிருந்தால் கட்டாயம் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பட்டர்ஃபிளை (காற்றுப் பாதையைத் திறந்து மூடும் தகடு) முழுதாக மூடிய நிலையை அதைக்கொண்டுதான் இசியூ கணக்கிடுகிறது.

இதன் பிறகும் லைட் எரிந்தால், இசியூ பதிந்துவைத்திருக்கும் கோளாறு எண்ணை, அதாவது கோடை (code), படியுங்கள். பல பிஎஸ்6 வண்டிகளில் சீட்டுக்கு அடியிலோ பக்கவாட்டுக் கவருக்குள்ளோ 6 பின் கனெக்டர் இருக்கும். 6 பின்னை 16 பின்னாக்கும் அடாப்டர் ஒன்றும் ஒரு ஓபிடி ஸ்கேனரும் (கோடைப் படிக்கும் கருவி) போதும். ஸ்கேனர் இல்லாவிட்டால், ஹோண்டாவின் பல மாடல்களில் லைட்டே மினுக்கிச் சொல்லிவிடும்: நீண்ட மினுக்கல் 10, குறுகியது 1. எட்டு குறுகிய மினுக்கல் என்றால் த்ராட்டில் பொசிஷன் சென்சார் (பட்டர்ஃபிளை எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது), ஒன்பது என்றால் காற்று வெப்பநிலை சென்சார்.

கோடில் வரும் பெயரைப் பார்த்ததும் அந்தப் பாகத்தை வாங்க ஓடாதீர்கள். பி0113 என்றால் காற்று வெப்பநிலை சென்சாரின் சிக்னல் மின்னழுத்தம் அளவுக்கு மேல் இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். இசியூ ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்புகிறது. சென்சார் அதை இழுத்துக் குறைக்கும். கனெக்டர் கழன்றிருந்தால் இழுக்க ஆளில்லை, 5 வோல்ட் அப்படியே நிற்கும். சென்சாரைத் தனியே எடுத்து மல்டிமீட்டரில் ஓம்ஸ் பாருங்கள். உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினால் எண் மெல்லக் குறைய வேண்டும். குறைந்தால் சென்சார் உயிரோடுதான் இருக்கிறது, ஒயரைத் தேடுங்கள்.

பி0107 (மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்), பி0122 (த்ராட்டில் பொசிஷன்) இரண்டும் சேர்ந்து வந்தால் இரண்டு சென்சாரும் போய்விட்டதாக நினைக்காதீர்கள். இரண்டுக்கும் பொதுவான 5 வோல்ட் லைன் அறுந்திருக்கும், அல்லது பொதுக் கனெக்டர் சரியாக உட்கார்ந்திருக்காது. த்ராட்டில் சிக்னல், மூடிய நிலையில் பெரும்பாலும் அரை வோல்ட்டை ஒட்டி இருக்கும். ஆக்சிலரேட்டரை மெதுவாக முறுக்கினால் நடுவில் எங்கும் குதிக்காமல் 4 வோல்ட் அளவுக்கு ஏற வேண்டும்.

கேள்வி: பேட்டரியைக் கழற்றி மாட்டினால் லைட் அணைந்துவிடுமா?
– வாசகர், கரூர்

பதில்: பல இசியூக்களில் அணையாது. மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் கோடு இருக்கும். சில வண்டிகளில் அழிந்துவிடும், அது இன்னும் மோசம். கோளாறு அப்படியே இருக்கும், துப்பு மட்டும் போய்விடும். கோடைக் குறித்துக்கொண்ட பிறகே அழியுங்கள். பழுதைச் சரிசெய்த உடனே லைட் அணையாவிட்டாலும் பதற வேண்டாம். ஸ்டார்ட் செய்து, சூடாகும் வரை ஓட்டி, நிறுத்துவது என்று பொதுவாக மூன்று முறை கோளாறு இல்லாமல் போனால் தானே அணையும்.

வேறு காரணத்துக்காகப் பேட்டரியைத் தொட்டாலும் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். டெர்மினல் போல்ட் லூசாக இருந்தாலே மின்னழுத்தம் விழுந்து சம்பந்தமில்லாத கோடுகள் வரிசையாக வரும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: சைலன்சரைக் கழற்றி மாட்டியதிலிருந்து லைட் எரிகிறது.
– வாசகர், நாமக்கல்

பதில்: சைலன்சர் பைப்பில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைப் பாருங்கள். ஒயர் கனெக்டரைக் கழற்றாமல் சென்சாரை ஸ்பானரால் திருப்பினால் ஒயர் முறுகி உள்ளே அறுந்துவிடும். சூடான பைப்பில் ஒயர் உரசி உருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பி0030 வந்தால் ஹீட்டர் சர்க்யூட். நான்கு ஒயர் சென்சாராக இருந்தால் ஒரே நிறத்தில் வரும் இரண்டு ஒயர்கள்தான் பெரும்பாலும் ஹீட்டருக்குரியவை. அவற்றுக்கிடையே ஓம்ஸ் காட்டாவிட்டால் சென்சார் மாற்றத்தான் வேண்டும். பைப் இணைப்பில் சாதாரண சிலிகான் பேஸ்ட் பூசியிருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். அதன் ஆவி சென்சார் முனையைப் பாழாக்கும். புதிய கேஸ்கெட் போட்டால் பேஸ்டே தேவைப்படாது.