வீட்டில் தமிழ் கதைப்பதை நிறுத்த வேண்டுமா?

"கொழும்பில், தெமட்டகொடையில் இருக்கிறோம். மகளுக்கு மூன்றரை வயது. பக்கத்து மொண்டிசோரியில் எல்லாமே சிங்களமும் ஆங்கிலமும்தான். சேர்த்து இரண்டு மாதமாகியும் அங்கே வாயே திறக்கிறாளில்லை. வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்கிறார் டீச்சர். நிறுத்துவதா, வேறு இடம் பார்ப்பதா?" என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

நிறுத்த வேண்டாம். புது மொழிக்குள் போகும் பிள்ளை சில வாரங்கள், சில வேளை சில மாதங்கள்கூட, பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது வழமை. மற்றப் பிள்ளைகளைப் பார்த்து வரிசையில் நிற்கிறாளா, பாட்டுக்குக் கையை ஆட்டுகிறாளா என்று டீச்சரிடம் கேளுங்கள். ஆம் என்றால் அவளுக்கு விளங்கிக்கொண்டு வருகிறது. வீட்டில் தமிழிலும் பேச்சு குறைவு என்றால் மட்டும் தாமதிக்காமல் கிளினிக்கில் மிட்வைஃபிடம் சொல்லி, காது கேட்பதைப் பரிசோதியுங்கள்.

டீச்சர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அம்மம்மாவிடம் கதை கேட்டு, "ஏன், எதற்கு" என்று குடைந்து பழகிய பிள்ளைக்கு அடுத்த மொழியும் சுலபமாக வரும். உங்களுக்கே தடக்குப்படும் சிங்களத்தில் "வா, சாப்பிடு, படு" மட்டும் கேட்டு வளர்ந்தால் எந்த மொழியிலும் அவளுக்குச் சொல் சேராது.

தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியது மொண்டிசோரிதான். வயிறு வலித்தால், பாத்ரூம் போக வேண்டுமென்றால் அவள் யாரிடம், எப்படிச் சொல்வாள் என்று முதலில் கேளுங்கள். அவசரத்துக்கு வேண்டிய தமிழ்ச் சொற்கள் பத்தைச் சிங்கள எழுத்தில் எழுதிக் கொடுங்கள். தமிழ் கதைக்கும் இன்னொரு பிள்ளை இருந்தால் பக்கத்தில் இருத்தச் சொல்லுங்கள். ஒரு தமிழ்ப் பாட்டையாவது எல்லாப் பிள்ளைகளுக்கும் பழக்கலாம். இதைச் சலுகை கேட்பதாக நினைத்துக் கூச்சப்படாதீர்கள். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 30ஆவது உறுப்புரை, சிறுபான்மைப் பிள்ளை தன் மொழியைப் பயன்படுத்துவதை உரிமை என்றே சொல்கிறது.

இதற்கெல்லாம் சம்மதித்தால் அங்கேயே விடுங்கள், சிங்களமும் கிடைக்கும். தமிழ் கதைத்ததற்காக அதட்டுகிறார்கள் என்றால் வருட நடுவிலும் மாற்றலாம். கட்டாயக் கல்வி 5 வயதில்தான் தொடங்குகிறது, முன்பள்ளி மாறுவதால் எதுவும் கெட்டுப்போகாது.

அப்புறம், முதலாம் தரம் தமிழ் மொழிமூலமா, சிங்கள மொழிமூலமா என்பதை இப்போதே வீட்டில் பேசுங்கள். விண்ணப்பம் முந்திய வருடமே போட வேண்டும்.