எல்லாமே பச்சையாக ஒளிர்கிறதா? முதலில் இரண்டாம் பிறபொருளெதிரியைப் பாருங்கள்

வணக்கம். எலியின் சியாட்டிக் நரம்பில் (பின்னங்காலுக்குப் போகும் பெரிய நரம்பு) கேவி 1.2 பொற்றாசியக் கால்வாயை, அதாவது நரம்பிழைச் சவ்வில் பொற்றாசியத்தைக் கடத்தும் ஒரு புரதத்தை, தேடினால் துண்டு முழுக்கப் பச்சையாக ஒளிர்கிறது, அதில் போய் ஒட்டவேண்டிய பிறபொருளெதிரி (அன்டிபொடி) பழுதோ என்று கேட்டிருந்தீர்கள். யாழ்ப்பாணத்து வெக்கையில் கொழும்பிலிருந்து பெட்டி வந்து சேர்ந்த விதத்தை நினைத்தால் அந்தச் சந்தேகம் நியாயம்தான். ஆனால் எனக்கு வேறு இடத்தில்தான் கண்.

கால்வாயில் ஒட்டும் உங்கள் முதல் பிறபொருளெதிரி சுண்டெலியில் செய்தது. அதைப் பிடித்துப் பச்சையாக ஒளிரும் இரண்டாவது, எலியின் சொந்த இம்யூனோகுளோபுலினையும் (எலியின் உடலிலேயே உள்ள பிறபொருளெதிரிகளையும்) பிடித்துவிடும். சுண்டெலியினதும் எலியினதும் அவ்வளவு நெருக்கம். எலிப் புரதத்தோடு உறிஞ்சி, அதில் ஒட்டுவதை வடித்து நீக்கிய வகையா என்று இரண்டாவதின் குப்பி லேபிளில் பாருங்கள். முதலாவதைப் போடாமல் ஒரு சிலைட்டு செய்தால் அரைநாளில் விடை தெரியும். அதுவும் பச்சை என்றால், பாவம், முதலாவதின் அந்த விலை கூடிய குப்பி குற்றவாளியில்லை.

அந்தச் சிலைட்டு இருளாக வந்தால் அடுத்தது பதப்படுத்தல். இழையத்தைப் பதப்படுத்தும் பராஃபோமல்டிஹைட்டில் இரவு முழுக்க ஊறவிட்டால் பிறபொருளெதிரி பிணையும் இடம் மறைந்துபோகலாம். நான் 4 சதவீதத்தில் அரை மணிக்கு மேல் விடுவதில்லை. நரம்பை ஊசியால் இழை இழையாகப் பிரித்துப் பாருங்கள்: இரன்வியர் கணுவின் (நரம்பிழையைச் சுற்றிய மயலின் உறையில் விழும் இடைவெளி) இரு பக்கமும், சற்றுத் தள்ளி, மயலினுக்கு அடியில் கால்வாய் சோடியாகத் தெரிய வேண்டும். கணுவிலேயே ஒளிர்ந்தால் நம்பாதீர்கள்.

அதே எலியின் சிறுமூளைத் துண்டொன்றையும் சேர்த்துச் சாயமிடுங்கள். பேர்க்கிஞ்சிக் கலத்தின் (சிறுமூளையின் பெரிய நரம்புக்கலம்) அடியில், அதைச் சுற்றிக்கொள்ளும் கூடைக்கலம் என்ற சிறு நரம்புக்கலத்தின் முனைகள் பளிச்சென்று தெரிந்தால் முதலாவதின் குப்பி நல்லது.

அப்புறம், கரண்ட் போய் வரும் ஊர். பிறபொருளெதிரியைச் சிறு சிறு பங்காகப் பிரித்து வையுங்கள்.