விஜிஏவில் 256 நிறப் படம் ஏன் கன்னாபின்னாவென்று தெரிகிறது?

படம் சரியாக விழுகிறது, நிறம் மட்டும் தாறுமாறு என்கிறீர்கள். அப்படியானால் பிக்சலில் கோளாறில்லை, நிற அட்டவணையில்தான் கோளாறு. ஐபிஎம் 1987-இல் கொண்டுவந்த கணினித் திரைக்கான வரைகலை அமைப்பான விஜிஏவின் 320×200 முறையில் ஒரு பிக்சலுக்கு ஒரு பைட்தான், அதில் இருப்பது நிறமே இல்லை, 256 வரிகள் கொண்ட அட்டவணையில் எத்தனையாவது வரி என்ற எண். உண்மையான சிவப்பு, பச்சை, நீல அளவுகள் வரைகலைக் கார்டில் உள்ள டாக் சிப்பில் (எண்ணைத் திரைக்கான மின் சமிக்ஞையாக மாற்றுவது) இருக்கின்றன.

கார்டை இயக்கும் நிரலான டிரைவர் 3சி8 போர்ட்டில் (கார்டோடு பேசும் வாசலின் பதினாறடிமான எண்) வரி எண்ணை எழுத வேண்டும், அப்புறம் 3சி9-இல் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று முறை. மூன்றும் போனதும் அடுத்த வரிக்கு அதுவே நகர்ந்துவிடும்.

எல்லோரும் வழுக்கி விழுவது இங்கேதான் (நானும் விழுந்திருக்கிறேன்): அந்த டாக் ஒரு நிறத்துக்கு 6 பிட் மட்டுமே எடுக்கும், அதாவது 0 முதல் 63 வரை. படக்கோப்பில் இருப்பதோ 0 முதல் 255. அப்படியே தள்ளினால் மேல் இரண்டு பிட்டும் போய் 64 என்பது 0 ஆகிவிடும், மெதுவாக வெளுக்க வேண்டிய வானம் பட்டை பட்டையாகக் கிழியும். எழுதும் முன் ஒவ்வொரு மதிப்பையும் 4-ஆல் வகுங்கள், போதும்.

அதன் பிறகும் பழைய கார்டில் திரையில் வெள்ளைப் பொட்டுகள் மின்னினால், 3டிஏ போர்ட்டின் 3-ஆம் பிட் (0-விலிருந்து எண்ணி) 1 ஆகும்வரை, அதாவது ஒரு திரை வரைந்து முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி வரும்வரை, காத்திருந்து அட்டவணையை மாற்றுங்கள்.