பொய் அறிவிப்பை நம்பிப் பங்கு வாங்கினேன். ஆணைக்குழு வழக்குப் போடும்வரை பொறுக்கலாமா?

கேள்வி: வெளிநாட்டு ஒப்பந்தமொன்று கைச்சாத்தாகிவிட்டதாக ஒரு கம்பனி கொழும்பு பங்குப் பரிவர்த்தனைக்கு அறிவித்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே 1,500 பங்குகள் வைத்திருந்தேன். அறிவிப்பைப் பார்த்து 62 ரூபாய்ப்படி இன்னும் 4,000 வாங்கினேன். ஒப்பந்தமே இல்லையெனத் தெரிந்ததும் விலை 35க்கு விழுந்துவிட்டது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் ஆணைக்குழு விசாரிக்கிறதாம். நானும் வழக்காட வேண்டுமா? – வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: பொறுக்க வேண்டாம். பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு, 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றவியல் வழக்கு மட்டுமல்ல, குடியியல் வழக்கும் தொடுக்கலாம். குற்றவியலில் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். குடியியலில் நிகழ்தகவுச் சமநிலை, அதாவது நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டுவது, போதும். ஆனால் அந்த வழக்கு முடிந்தாலே உங்கள் பணம் வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹார்டி கம்பனி, அஸ்பெஸ்டஸால் நோயுற்றவர்களுக்கான இழப்பீட்டு நிதி போதுமானது என்று 2001இல் பொய்யாக அறிவித்தது. அந்நாட்டு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பணிப்பாளர்கள்மேல் போட்ட குடியியல் வழக்கு 2012 வரை இழுபட்டது. பணிப்பாளர் சபை அந்த அறிவிப்பை அங்கீகரித்ததா என்று கூட்டக் குறிப்பை வைத்தே பெரும் வாதம். ஆணைக்குழு வென்றது, பணிப்பாளர்களுக்குத் தடையும் தண்டப்பணமும். தண்டப்பணம் போனது அரசுக்கு.

இங்கே காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி நட்டத்துக்கான வழக்கைத் தொடுக்க இரண்டே வருடம். பொய் தெரிந்த நாளிலிருந்து எண்ணலாமென வாதிட இடமுண்டுதான். நீங்கள் வாங்கிய திகதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

கோரக்கூடியது 4,000 பங்குக்கு 27 ரூபாய்ப்படி 1,08,000 ரூபாய். முந்திய 1,500ஐச் சேர்க்காதீர்கள்: அறிவிப்பு வருமுன் வாங்கியதை அறிவிப்பை நம்பி வாங்கியதென்று சொல்ல முடியாது. சேர்த்தால் குறுக்கு விசாரணையில் மீதியும் ஆட்டங்காணும்.

தரகர் அனுப்பிய கொள்வனவுக் குறிப்பு, உங்கள் பங்குகள் பதிவாகியிருக்கும் மத்திய வைப்புக் கணக்குக் கூற்று, வங்கிச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பரிவர்த்தனையின் இணையத்தளத்தில் வந்த அறிவிப்பை திகதியும் நேரமும் விழும்படி அச்செடுங்கள்; பத்திரிகைத் துண்டு போதாது. வாட்ஸ்அப்பில் வந்ததென்றால் தொலைபேசியை மாற்றாமல் வையுங்கள். இவற்றின் பிரதிகளோடு ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறையிடுங்கள். கம்பனிக்குக் கோரிக்கைக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்தில் போடலாமா என்று கேட்பீர்கள். எதிராளி இருக்கும் இடம், வழக்குக் காரணம் எழுந்த இடம் இரண்டும் கொழும்பு என்றால் இந்த நீதிமன்றத்துக்கு விசாரிக்க அதிகாரமில்லை என்ற நியாயாதிக்க ஆட்சேபனை முதல் தவணையிலேயே வரும். கொழும்பில் போடுவதே பாதுகாப்பு. இந்தத் தொகைக்குக் கொழும்புப் பயணச் செலவே பாதியைத் தின்றுவிடும் என்பதால், கோரிக்கைக் கடிதத்துக்கு வரும் பதிலைப் பார்த்தபின் தீர்மானியுங்கள்.