சிலேட்டுக்கல் பொருட்கள்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: குன்னூரில் ஆறு அறைகள் கொண்ட தங்கும் விடுதியும், அதன் முகப்பில் ஒரு சிறிய காபிக் கடையும் தொடங்கவிருக்கிறோம். கடையின் ஓரத்தில் பரிசுப் பொருட்களுக்கென ஓர் அலமாரியும் உண்டு. கையால் செய்த சிலேட்டுக்கல் தட்டுகள், கோப்பைக்கு அடியில் வைக்கும் கோஸ்டர்கள், பெயர்ப்பலகைகள் ஆகியவற்றை ஒருவர் கொண்டுவந்து காட்டினார். பார்த்ததும் பிடித்துவிட்டது. ஆனால் இயந்திரத்தில் அறுத்த கல்லைவிட ஏறத்தாழ இரு மடங்கு விலை சொல்கிறார். அந்த விலைக்குத் தகுமா? தினமும் உணவு பரிமாறினால் தாங்குமா?

பதில்: வாங்குங்கள், ஆனால் சாப்பாட்டுத் தட்டை மட்டும் விட்டுவிடுங்கள். கோஸ்டர், அறை எண், பெயர்ப்பலகை, கேக்கும் பிஸ்கட்டும் வைக்கும் பலகை ஆகியவற்றில் சிலேட்டுக்கு இணையான கல் கிடையாது. குழம்பும் கரண்டியும் படும் இடத்தில் அது தோற்றுப்போகிறது.

முதலில் விலை. கடலடியில் படிந்த நுண்ணிய சேறு கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலத்தின் அழுத்தத்துக்கு உள்ளாகும்போது, அதிலுள்ள அபிரகம் போன்ற தட்டையான கனிமங்கள் அழுத்தம் வரும் திசைக்குக் குறுக்காக ஒரே வாக்கில் படுத்துவிடுகின்றன. அந்த வாக்கில்தான் சிலேட்டு பிளக்கிறது. பிளந்த முகத்தில் மெல்லிய அலைகளும் பட்டும் படாத பளபளப்பும் தெரியும். ரம்பத்தால் அறுத்துத் தேய்த்த முகத்தில் இவை இரண்டும் போய்விடும். உங்களுக்குப் பிடித்ததாக எழுதியிருக்கும் அழகு பெரும்பாலும் அந்தப் பிளந்த முகத்தின் அழகுதான்.

இந்தக் கைவேலை இன்றும் உயிரோடு இருக்கும் இடங்களில் பெயர் பெற்றது பிரிட்டனின் வடமேற்கு வேல்ஸ். பெத்தெஸ்டா ஊரிலுள்ள பென்ரின் குவாரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் மிகப்பெரிய சிலேட்டுக் குவாரியாக இருந்தது. அந்த வட்டாரத்தின் சிலேட்டு நிலப்பரப்பை யுனெஸ்கோ 2021-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே கல் பிளப்பவர் அகன்ற மெல்லிய உளியைக் கட்டியின் விளிம்பில், சரியாக நடுவில் வைத்துத் தட்டுவார். பதினாறு பலகைகளுக்கான கட்டி முதலில் எட்டு எட்டாகவும், பிறகு நான்கு நான்காகவும் பிரியும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்தால் பிளவு மெலிந்த பக்கமாக ஓடிக் கல் வீணாகிவிடும். குவாரியிலிருந்து எடுக்கும்போது கல்லில் இருக்கும் ஈரம் காய்வதற்குள் பிளந்தாகவும் வேண்டும். தட்டும்போது எழும் ஓசையை வைத்தே உளி எவ்வளவு உள்ளே போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். நீங்கள் தரும் கூடுதல் விலை இந்தத் திறமைக்கு.

அதனால் அந்தத் திறமை உண்மையிலேயே பொருளில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். விளிம்பைக் கையால் கொத்தியிருந்தால் சிறு சிறு செதில்களாகச் சரிந்திருக்கும். ரம்பம் ஓடிய விளிம்பில் இணைகோடுகள் தெரியும். ஒரே அளவு என்று தரும் நான்கு கோஸ்டர்களை அடுக்கிப் பாருங்கள். தடிமனில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்காவது வேறுபாடு இருந்தால் பிளந்த கல் என்று நம்பலாம். பெரிய பாறையை வைர ரம்பத்தால் கட்டிகளாக அறுப்பது எல்லா இடத்திலும் வழக்கம்தான். அதை மறைக்காமல் சொல்லும் விற்பனையாளரை நான் கூடுதலாகவே நம்புவேன்.

கல்லின் தரத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்று ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். ஒரு பலகையைப் பாதி நீரில் செங்குத்தாக நிறுத்தி மறுநாள் பாருங்கள். நீர்மட்டத்துக்கு மேலே ஈரம் நன்றாக ஏறியிருந்தால் அந்தக் கல் எண்ணெயையும் உறிஞ்சும். ஓர் ஓரத்தில் வினிகர் ஒரு துளி விட்டு நுரைக்கிறதா என்று கவனியுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, எலுமிச்சையும் புளியும் பட்ட இடம் வெளிறிவிடும். பொன்னிறப் புள்ளிகள் மின்னினால் அது இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட்டாக இருக்கலாம், குன்னூர் ஈரத்தில் துருக்கறை வழியும். மிகக் கருப்பாக இருந்தால் ஸ்பிரிட் தொட்ட வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கருமை ஏறினால் சாயமோ பூச்சோ இருக்கிறது. அதை உணவுக்கு அருகில் கொண்டுவராதீர்கள்.

இனி தட்டு. உணவு படும் கலம் நச்சற்றதாக, எளிதில் கழுவக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. பிளந்த முகத்தின் அலைகளிலும் செதில் விளிம்பிலும் நெய்யும் மாவும் தங்கும். நாளுக்குப் பலமுறை, அவசரமாகக் கழுவும் சமையலறையில் அவை முழுமையாகப் போகா. விளிம்புயரம் இல்லாததால் சட்னி மேசைக்கு ஓடும். முள்கரண்டி உரசினால் எழும் கிறீச்சொலி பக்கத்து மேசைக்கும் கேட்கும். பலகையிலும் கல்லிலும் பரிமாறும் மோகம் பரவிய பிரிட்டனிலேயே, எங்களுக்குத் தட்டு வேண்டும் என்று 2015-இல் சமூக ஊடகத்தில் ஓர் இயக்கம் கிளம்பிப் பெரும் ஆதரவு பெற்றது. இவற்றோடு எடையும் சேரும். 30 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு பலகையின் எடை ஏறத்தாழ ஒரு கிலோ. ஆறு பலகைகளை அடுக்கித் தூக்கிச் செல்லும் பணியாளரின் மணிக்கட்டையும் நினைத்துப் பாருங்கள்.

அதே பலகை கவுண்டரில் வேறு வேலைக்கு அருமையாகப் பொருந்தும். வர்க்கி, முறுக்கு, கேக் துண்டு போன்ற உலர்ந்த பண்டங்களைக் கருங்கல் நிறப் பின்னணியில் வைத்தால் நிறம் எடுப்பாகத் தெரியும். பாலாடைக்கட்டி வைப்பதானால் பலகையை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தெடுங்கள், கல் குளிரை நன்றாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். உணவு நேரடியாகக் கல்லில் படாமல் வெண்ணெய்த்தாளோ வாழையிலைத் துண்டோ போடுவது இன்னும் நல்லது. கழுவிய பலகைகளை அடுக்கி வைக்காமல் நிறுத்திக் காயவிடுங்கள். ஈரம் குடித்த கல்லைத் திடீரென்று பெரிய சூட்டில் வைத்தால் வெடிக்கும்.

எண்ணெய் பூசலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். உணவுப் பலகைகளுக்கு உணவுத்தர மினரல் ஆயில் போதும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் சிக்கெடுத்து நாறும். எழுதும் பலகைக்கு எண்ணெயே கூடாது, சாக்பீஸ் பிடிக்காது. ஆகவே இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். மெனு பலகையில் சாக் மார்க்கரால் எழுதுவதானால் முதலில் பின்புறத்தில் எழுதி அழித்துப் பாருங்கள், பிளந்த முகத்தின் பள்ளங்களில் மை தங்கிவிடும்.

கோஸ்டர்களுக்கு அடியில் கார்க்கோ துணியோ ஒட்டியிருந்தால் உங்கள் ஊரின் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். நான்கு மூலையிலும் சிறிய சிலிகான் குமிழ் ஒட்டித் தரச் சொல்லுங்கள். மேசையும் கீறாது, காற்றும் புகும். சூடான டபராவைத் தாராளமாக வைக்கலாம்.

அலமாரியில் விற்க நான் முதலில் பரிந்துரைப்பது பெயர்ப்பலகை. லேசரில் பொறித்த எழுத்து சாம்பல் வெண்மையாக, மேலோட்டமாக இருக்கும். விலை குறைவு, அன்றைக்கே கிடைக்கும். உளியால் சாய்வாக வெட்டிய எழுத்தில் பக்கவாட்டு வெளிச்சம் நிழலைக் கொண்டுவரும், வாசலில் பல ஆண்டுகள் நிற்கும். தமிழ் எழுத்து கேட்பவர்களுக்குச் சற்றுப் பெரிதாக, தேய்த்துச் சமன் செய்த முகத்தில் வெட்டச் சொல்லுங்கள். ‘ண’, ‘ஞ’ போன்றவற்றின் நெருங்கிய சுழிகளுக்கு இடையே கல் செதிலாகப் பெயர்ந்துவிடும்.

கல் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதி வையுங்கள். தென்னிந்தியப் பள்ளிகளில் பிள்ளைகள் எழுதிய கல் சிலேட்டுகளுக்குப் பெயர்பெற்ற ஊர் ஆந்திரத்தின் மார்க்காபுரம். நோட்டும் பிளாஸ்டிக் சிலேட்டும் வந்தபின் அந்தத் தொழில் சுருங்கியது. இன்று அங்கிருந்து தரைக்கும் சுவருக்குமான கற்கள் போகின்றன. இமாச்சலத்தில் தர்மசாலா அருகே கனியாரா கல்லைக் கூரைக்குப் போட்டார்கள். உங்கள் விற்பனையாளர் ஊரின் பெயரைச் சொன்னால் அட்டையில் அச்சிடுங்கள். மார்க்காபுரத்துக் கல்லை வேல்ஸ் கல் என்று விற்க வேண்டிய தேவையே இல்லை; நம் தாத்தா பாட்டிகள் அகரம் எழுதிய கல் என்பதே வாங்குபவரை நிறுத்தி வைக்கும்.

கடைசியாக ஒன்று, எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனமில்லை. சிலேட்டில் குவார்ட்ஸ் என்ற சிலிக்கா கனிமம் இருக்கிறது. காய்ந்த கல்லை அறுத்தாலும் தேய்த்தாலும் பறக்கும் நுண்தூள் நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயைத் தரும். அதைத் திரும்பக் குணமாக்க வழியில்லை. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் சிலேட்டுக்குச்சி செய்த தொழிலாளர்கள் பலர் இளம் வயதிலேயே இந்த நோய்க்கு ஆளானது மருத்துவ ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. உளியால் பிளப்பதைவிட இயந்திரத்தில் அறுப்பதும் தேய்ப்பதும்தான் அதிகத் தூள் கிளப்பும். பட்டறையில் தண்ணீர் ஊற்றி அறுக்கிறார்களா, தூளை உறிஞ்சும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம், பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்காதீர்கள். உங்கள் விடுதியில் அறை எண் மாட்டத் துளை போடும்போதும் கல்லை நனைத்துக்கொண்டே போடச் சொல்லுங்கள்.

முதல் ஆர்டரில் ஆறு அறை எண்கள், இரண்டு டஜன் கோஸ்டர்கள், கவுண்டருக்கு நான்கு பலகைகள், அலமாரிக்கு மாதிரியாக ஒரு பெயர்ப்பலகை ஆகியவை போதும். உடைவதற்கென்று பத்துக்கு ஒன்று கூடுதலாக வாங்குங்கள். பெட்டியில் கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி அடுக்கி அனுப்ப வேண்டும் என்பதை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்; மலைப்பாதையின் குலுக்கலில் படுத்த கல்தான் முதலில் உடையும்.